அத்தித்லான் முக்குளிப்பான்: மீன் தின்றதா, ஏரி வற்றியதா?

குளத்தங்கரை:
குவாத்தமாலாவின் அத்தித்லான் ஏரியை விட்டால் உலகில் வேறெங்கும் இருந்திராத, இப்போது அழிந்தே போன பறவை இது. உள்ளூரில் 'போக்' என்பார்கள். வெள்ளை அலகின் நடுவே செங்குத்தாக ஒரு கறுப்புப் பட்டை. பறக்காது. தூண்டில் போட வரும் சுற்றுலாக்காரர்களுக்காக 1958இல் ஏரியில் பாஸ் மீனை விட்டார்கள். போக்குக்கு இரையான சிறுமீனையும் நண்டையும் அது காலி செய்தது, குஞ்சுகளையும் விழுங்கியது. 1960இல் சுமார் 200 பறவைகள், 1965இல் 80. இதற்கு மேல் என்ன விசாரணை?

மண்சட்டி:
அவசரப்படாதீர்கள் நண்பரே. 1973இல் 210 ஆனதே, அது எப்படி? ஆன் லபாஸ்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் மெனக்கெட்டு 1966இல் சரணாலயம் வரவைத்தார், காவல் போட்டார்கள், நாணல் வெட்டுவதை ஒழுங்குபடுத்தினார்கள். மீன் இருக்கும்போதே பறவை மீண்டது. 1976 நிலநடுக்கத்தில் ஏரியின் அடித்தளம் விரிசல் விட்டுத் தண்ணீர் கீழே இறங்கியது. கரையோர நாணல் தரைதட்டிப் போனால் கூடு எங்கே கட்டும்?

பொடிநடை:
நாணல் வெட்டு என்றதும் பாய் முடைகிற மாயா மக்கள் மேல் பழி போடாமல் இருந்தால் சரி. அவர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டியவர்கள். அப்போதெல்லாம் போக் இருந்ததே!

மண்சட்டி:
நான் அவர்களைச் சொல்லவில்லையே. கரையில் பங்களா கட்டியவர்களையும் கொஞ்சம் பாருங்கள் என்கிறேன். 1982இல் சரணாலயக் காவலரையே கொன்றுவிட்டார்கள், உள்நாட்டுப் போர்க் காலம். அதையும் மீன் கணக்கில் எழுதுவீர்களா?

குளத்தங்கரை:
எழுத மாட்டேன். ஆனால் நிலநடுக்கம் அந்த ஏரிக்குப் புதிதா? சுற்றிலும் எரிமலை. அதையெல்லாம் தாங்கித்தானே பறவை அதுவரை வந்து சேர்ந்தது. வெளியிலிருந்து வந்த மீன்தான் புதுசு. கூட்டம் மெலிந்த பிறகு வந்த அடி என்பதால்தான் இது தாங்கவில்லை.

பொடிநடை:
1983இல் எண்ணியபோது 32. அதிலும் பெரும்பாலானவை பட்டையலகு முக்குளிப்பானோடு கலந்த கலப்பினம் போலத் தெரிந்ததாம். 1989இல் இரண்டு. அப்புறம் ஒன்றும் இல்லை.

மண்சட்டி:
சரி, மெலிந்த கூட்டம் என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். மீன்தான் கொலையாளி என்பதை இல்லை.

பொடிநடை:
அந்த பாஸ் மீன் இப்போதும் ஏரியில் இருக்கிறதா?

குளத்தங்கரை:
இருக்கிறது. கரையோர உணவகங்களில் பொரித்துத் தருகிறார்கள்.