மேசைக்கு அடியில வெச்சு உட்கார்ந்தபடியே சைக்கிள் மாதிரி மிதிக்கிற குட்டி பெடல் யாராச்சும் யூஸ் பண்றீங்களா?

வணக்கம் அண்ணன் அக்காமாருங்களே. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட் ஆபீஸ்ல கிராணி வேலை, காலைல உட்கார்ந்தா சாயந்திரம் வரைக்கும் கம்ப்யூட்டர்தான், மாசக் கடைசில சம்பளக் கணக்கு போடுறப்ப எழுந்திரிக்கவே நேரம் இருக்காது. இப்ப இனிப்புநீர் இருக்குன்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க, வாரத்துக்கு 150 நிமிஷமாச்சும் உடம்பு அசையணுமாம். சாயந்திரம் நடக்கலாம்னா பாதி நாள் மழை, மத்த நாள் ரோட்ல பழ லோரி.

அதான் அந்தக் குட்டி பெடல் வாங்கலாம்னு ஷோப்பீ ஆன்லைன் கடைல பாத்துட்டு இருக்கேன். ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு திருகுல டைட் பண்றது, வெல கம்மி, ஆனா உரசி உரசி சூடாகும்ங்கிறாங்க, இன்னொண்ணு காந்தம் வெச்சது, சத்தம் வராது, வெலதான் கூட. எங்க ஆபீஸ் சின்னது, பக்கத்துலயே மேனேஜர் ரூம், சத்தம் வந்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும்.

என் மேசைக்கு அடியில 65 செண்டிமீட்டர்தான் இருக்கு, முட்டி இடிக்குமா? நாற்காலி வேற சக்கரம் வெச்சது, மிதிக்க மிதிக்க பின்னாடி போகும்ல, அதுக்கு என்ன பண்றீங்க, கயிறு கட்டுறீங்களா? மொசைக் தரைல பெடலும் வழுக்குமே, கீழ ரப்பர் பாய் போட்டா நிக்குமா? மிதிச்சுக்கிட்டே டைப் பண்ண முடியுதா இல்ல போன் பேசுறப்ப மட்டும்தானா? முக்கியமா இனிப்புநீர் உள்ளவங்க யாராச்சும் சாப்பாட்டுக்கு அப்புறம் மிதிச்சு சுகர் செக் பண்ணிப் பாத்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க, ஈப்போல நேர்ல பாத்து வாங்குற கடை தெரிஞ்சாலும் சொல்லுங்க.