சாமிவேலுவின் 31 ஆண்டுகளை எந்த அளவுகோலால் அளப்பது?

கேள்வி: வரலாற்று மாணவி, பினாங்கு

அனைவருக்கும் வணக்கம். மலேசிய இந்தியர் காங்கிரசின் (ம.இ.கா.) தலைவராக 1979 முதல் 2010 வரை இருந்த துன் ச. சாமிவேலுவைப் பற்றிப் பல்கலைக்கழகப் பாடத்துக்காக ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான விடைகளே கிடைக்கின்றன. அவர் இல்லையென்றால் அமைச்சரவையில் நமக்காகப் பேச நாதி இருந்திருக்காது என்கிறார் என் பெரியப்பா. அந்தப் பெயரையே வீட்டில் எடுக்காதே என்கிறார் என் அத்தை. இருவரும் ஒரே தோட்டத்தில் ஒரே லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசையில்) வளர்ந்தவர்கள் என்பதுதான் என்னை மேலும் குழப்புகிறது.

2008 தேர்தலில் அவர் தோற்றதற்கு இந்தியர்களின் உரிமை கோரிய இண்ட்ராப் இயக்கத்தின் பேரணி ஒன்றுதான் காரணமா? கட்சி முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் விவகாரத்தில் உறுதியாகச் சொல்லத்தக்கது எது, வதந்தி எது? இவ்விரண்டையும் விளக்கக்கூடியவர்கள் இருந்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

தங்கைக்கு வணக்கம். முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கட்டுரையில் அழுத்தமாகச் சொல்லுங்கள். ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில் 1936இல் பால்மரம் (ரப்பர்) வெட்டிய குடும்பத்தில் பிறந்து, பேருந்து நடத்துநராக வேலை பார்த்து, பின்னர் கட்டடக்கலை படித்து, வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த ஒருவர், 1959இல் சாதாரண உறுப்பினராகக் கட்சிக்குள் நுழைந்து அதன் உச்சிக்குச் சென்றார். தோட்டத்து மக்கள் அவரைத் தங்களில் ஒருவராகக் கண்டதற்கு அது மெய்யான காரணம். மேடையில் அவர் பேசிய தமிழும் தோட்டத்துத் தமிழ்தான்.

அந்த உச்சியை அவர் அடைந்த வழியையும் கவனியுங்கள். 1977இல் கட்சியின் துணைத்தலைவர் பதவிக்கு எஸ். சுப்பிரமணியத்தை எதிர்த்துப் போட்டியிட்டு வெறும் 26 வாக்குகளில் வென்றார். இரண்டே ஆண்டுகளில் தலைவர் மாணிக்கவாசகம் காலமாக, தலைமை அவரிடம் வந்தது. கட்சிப் பேராளர்களில் 14 பேர் அன்று மாற்றி வாக்களித்திருந்தால் அடுத்த 31 ஆண்டுகளின் வரலாறே வேறாகியிருக்கும். இவ்வளவு குறுகிய வெற்றியில் தொடங்கியதால்தான் உட்கட்சிப் போட்டியை அவர் கடைசிவரை ஓர் ஆபத்தாகவே பார்த்தார் என்பது என் கணிப்பு. எம்.ஜி. பண்டிதன் 1988இல் நீக்கப்பட்டதையும், அவர் வெளியே சென்று இந்திய முற்போக்கு முன்னணியைத் தொடங்கியதையும், 2006இல் தலைவரின் ஆதரவோடு ஜி. பழனிவேல் போட்டியிட்டுச் சுப்பிரமணியத்தைத் துணைத்தலைவர் பதவியிலிருந்து அகற்றியதையும் இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி 2008. கோலாலம்பூரில் 2007 நவம்பர் 25 அன்று கூடிய மக்கள்மீது கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்ததும், அடுத்த மாதமே இண்ட்ராப் தலைவர்கள் ஐவர் விசாரணையின்றிக் காவலில் வைக்க இடம்தந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டதும் நாடு முழுவதும் இந்திய வாக்குகளைத் திருப்பின என்பதில் ஐயமில்லை. ஆனால் சாமிவேலுவின் தொகுதியான சுங்கை சிப்புட்டில் கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கட்சியின் முன்னாள் தலைவர் துன் சம்பந்தன் வைத்திருந்த அந்தத் தொகுதியில் 1974 முதல் எட்டுப் பொதுத்தேர்தல்களில் சாமிவேலு வென்றார். அதே காலத்தில்தான் ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் ஆயின. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவர்களுக்குக் காலி செய்யுமாறு கடிதம் வந்தபோது அவர்களோடு போய் உட்கார்ந்தவர், ஈப்போவில் நுரையீரல் மருத்துவராக இருந்த டாக்டர் ஜெயகுமார் தேவராஜ். அவர் 1999இலும் 2004இலும் அங்கே நின்று தோற்றார். ஆனால் தொகுதியை விட்டுப் போகவில்லை. 2008 மார்ச் 8 அன்று, சாமிவேலுவின் 72ஆம் பிறந்தநாளில், 1,821 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ம.இ.கா. போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்று மட்டுமே மிஞ்சின. பேரணி இல்லாதிருந்தால் சாமிவேலு இன்னொரு தவணை தப்பியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் மனம் வெறுத்துப்போகப் பேரணிக்கு முந்தைய இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

மறுமொழி 2: கணக்காய்வாளர், கிள்ளான்

மைக்காவைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் அதைக் கோபத்தோடு பேசுபவர்கள் பலர் உண்டே தவிர, எண்களோடு பேசுபவர்கள் குறைவு.

அது ஏன் தோன்றியது என்பதிலிருந்து தொடங்குங்கள். அரசின் புதிய பொருளாதாரக் கொள்கை பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர் உள்ளிட்ட மண்ணின் மைந்தர்களுக்கு) முப்பது விழுக்காட்டுப் பங்குடைமையை இலக்காக வைத்தது. நிறுவனப் பங்குகளில் இந்தியர்களிடம் இருந்ததோ 1970இலும் 1990இலும் ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான். இந்த நிலையில், சிறு சேமிப்புகளைத் திரட்டி ஒரு முதலீட்டு நிறுவனம் அமைப்போம் என்று 1982இல் சாமிவேலு முன்வைத்த எண்ணம் தவறானதே அல்ல. துன் சம்பந்தன் முன்பே பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கித் தோட்டங்களை வாங்கிக் காட்டியிருந்தார். அதே நம்பிக்கையில்தான் சுமார் 66,000 பேர் ஏறத்தாழ 10.6 கோடி ரிங்கிட்டை மைக்காவில் போட்டார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் தோட்டத் தொழிலாளர்களும் சிற்றூழியர்களும் ஆவர். நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களும் இருந்தார்கள்.

அந்தப் பணம் டிவி 3, யுனைடெட் ஏசியன் வங்கி, காப்புறுதி நிறுவனம் எனப் பல இடங்களுக்குச் சென்றது. எண்பதுகளின் நடுவில் நாட்டின் பொருளாதாரமே சரிந்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தச் சரிவைத் தாண்டி எழுந்த நிறுவனங்கள் பல இருக்க, மைக்கா எழவில்லை. கடைசியில் 2010இல், தான் ஸ்ரீ ஞானலிங்கத்தின் குடும்ப நிறுவனம் முன்வந்து ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்கிக்கொண்டது. இந்த எண்ணை ஊழியர் சேமநிதியோடு ஒப்பிடுங்கள். 1980 முதல் 1994 வரை சேமநிதி ஆண்டுக்கு எட்டு விழுக்காட்டுக்குக் குறையாமல் ஈவு வழங்கியது. அந்த வீதத்தில் ஒரு தொகை ஒன்பது ஆண்டுகளில் இரட்டிப்பாகும். கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து போட்ட முதலையே முழுதாகப் பெறாதவரின் இழப்பு வெறும் இருபது சென் அல்ல என்பதை உங்கள் கட்டுரை தெளிவாகச் சொல்ல வேண்டும்.

அடுத்து டெலிகோம் பங்குகள். 1990இல் டெலிகோம் மலேசியா பங்குச்சந்தைக்கு வந்தபோது, நிதியமைச்சு ஒரு கோடிப் பங்குகளை ஐந்து ரிங்கிட் வீதம் ஒதுக்கியது. மைக்காவுக்கு வந்தவை 10 லட்சம் மட்டுமே. மீதி 90 லட்சம் பங்குகள் வேறு மூன்று நிறுவனங்களுக்குப் போயின. இது 1992இல் வெடித்தது. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் மீண்டும் மீண்டும் எழுப்பினார். மைக்காவால் அவ்வளவு பெரிய தொகையைத் திரட்ட இயலவில்லை என்பது கட்சித் தரப்பின் விளக்கம். ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது; சாமிவேலுமீது வழக்குத் தொடரப்படவில்லை. ஆகவே அவர் அந்தப் பங்குகளைத் தமக்கென எடுத்துக்கொண்டார் என்று எழுதாதீர்கள். அது எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. அந்த 66,000 பேருக்கும் ஒதுக்கீட்டைப் பற்றி முன்கூட்டியே சொல்லப்பட்டதா, அவர்களுடைய ஒப்புதல் கேட்கப்பட்டதா என்று கேளுங்கள். குற்றம் நிறுவப்படாமல் போகலாம். ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை பங்குதாரருக்கு உண்டு, அந்த உரிமை இங்கே மதிக்கப்படவில்லை என்பதே என் துறை சார்ந்த முடிவு.

மறுமொழி 3: ஒரு தாய், சுங்கைப்பட்டாணி

மேலே எழுதிய ஐயா இருவரும் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கெடாவில் வாழ்பவள் என்ற முறையில் செமிலிங்கில் நிற்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத எங்கள் பிள்ளைகளை இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் கடன் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், 1984இல் சாமிவேலு தொடங்கிய கல்வி அறவாரியம் மாணவர்களுக்குக் கடனுதவி வழங்கியது. அதே அறவாரியத்தின் மூலம் 2001இல் இந்தக் கல்விக்கூடம் எழுந்தது. மலேசிய இந்தியர்களின் முயற்சியில் எழுந்த மருத்துவக் கல்லூரி என்று சுட்டிக்காட்ட எங்களுக்கு இது இருக்கிறது. கட்டணம் ஏழைக்கு எட்டுவதாக இல்லை என்ற குறை உண்மையே. ஆனால் என் அண்டை வீட்டுப் பெண், தோட்டத்தில் பிறந்தவள், அங்கே படித்து இன்று அரசு மருத்துவமனையில் பணியாற்றுகிறாள். அவளுடைய தாயிடம் சாமிவேலுவைப் பற்றிக் கேட்டால் உங்கள் பெரியப்பா சொன்னதைத்தான் சொல்வார்.

மறுமொழி 4: வழக்கறிஞர், கோலாலம்பூர்

அவருடைய அமைச்சர் பணியையும் விட்டுவிடாதீர்கள். 1979 முதல் 1989 வரையும், மீண்டும் 1995 முதல் 2008 வரையும் பொதுப்பணி அமைச்சராக இருந்தவரை நாட்டின் மற்ற இனத்தவர்கள் நினைவில் வைத்திருப்பது சாலைக்காகவும் அதற்குக் கட்டும் சுங்கக் கட்டணத்துக்காகவும்தான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஒப்பந்தம் ஆளுங்கூட்டணியின் முதன்மைக் கட்சியான அம்னோவோடு தொடர்புடைய யுஇஎம் நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டபோது லிம் கிட் சியாங் நீதிமன்றம் சென்றார். 1988இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவருக்கு வழக்காடும் தகுதி இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்த ஒப்பந்தத்தின் மூல முடிவு மகாதீர் அரசுடையது. மக்களிடம் வந்து கட்டண உயர்வை நியாயப்படுத்தும் வேலையே துறை அமைச்சருக்கு வாய்த்தது. முப்பது ஆண்டுக்காலத்தில் பெரும்பகுதி முழு அமைச்சராக இருந்த ஒரே இந்தியர் அவர் என்பதால், அமைச்சரவை முடிவுகளின் பழியும் அவரையே சேர்ந்தது, இந்தியச் சமூகத்தின் எல்லாக் கோரிக்கைகளும் அவர் ஒருவரின் வாசலிலேயே நின்றன. இது அவரை விடுவிக்கும் வாதம் அல்ல. அப்படி ஒரே வாசலாக இருப்பதை அவர் விரும்பினார், இன்னொரு வாசல் திறக்க முயன்றவர்களைத் தடுத்தார் என்பதே என் குறை.

கேள்வி கேட்டவர்: பினாங்கு

ஐயா, அம்மா, உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியப்பா பேசுவது கல்வியையும் அத்தை பேசுவது மைக்காவையும் என்பது இப்போதுதான் விளங்குகிறது. இருவரும் ஒரே மனிதரைப் பற்றி வேறு வேறு ஆண்டுகளில் நின்று பேசியிருக்கிறார்கள். கணக்காய்வாளர் ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன்: மைக்காவின் உண்மையான கணக்கை நான் எங்கே பார்க்கலாம்?

மறுமொழி 5: கணக்காய்வாளர், கிள்ளான்

நிறுவனம் தாக்கல் செய்த ஆண்டறிக்கைகளை மலேசிய நிறுவன ஆணையத்தில் கட்டணம் செலுத்திக் கேளுங்கள். டெலிகோம் விவாதத்துக்கு 1992ஆம் ஆண்டின் நாடாளுமன்றக் கூட்டக் குறிப்புகளைப் படியுங்கள். அமைச்சரின் பதிலையும் எதிர்க்கட்சியின் கேள்வியையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதற்கு முன், உங்கள் அத்தையிடம் பங்குச் சான்றிதழ் எதுவும் பெட்டியில் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பலர் அதைத் தூக்கிப் போடவில்லை.