குப்பை பிரிக்காத வீடுகளோட லிஸ்ட் ஒட்டினேன், நிலைமை இன்னும் மோசமாயிடுச்சு, என்ன பண்றது?

மூணாவது_மாடி:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா எழுதறேன் பொறுத்துக்கோங்க. வேளச்சேரி பக்கம் 64 வீடு இருக்கற அபார்ட்மென்ட் எங்களோடது, போன வருஷத்துல இருந்து நான்தான் அசோசியேஷன் செகரட்டரி. மக்கற குப்பை தனி மக்காத குப்பை தனின்னு 2016 திடக்கழிவு விதியிலயே சொல்லியிருந்தாங்க, அதனால வீட்டுக்கு ரெண்டு டப்பா, பச்சை ஒண்ணு நீலம் ஒண்ணு, அசோசியேஷன் காசுலயே வாங்கிக் குடுத்தோம். முதல் ரெண்டு மாசம் நல்லா போச்சு. அப்புறம் ஒவ்வொருத்தரா விட்டுட்டாங்க. எங்க குப்பை எடுக்க வர்ற அம்மா ஒருநாள் வெறுங்கையால நாப்கினையும் சாம்பார் சாதத்தையும் பிரிச்சுக்கிட்டு நின்னாங்க, அதப் பாத்துட்டு அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல.

அந்தக் கோவத்துல லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டினேன். "64 வீட்டில் 41 வீடு குப்பை பிரிப்பதில்லை, இது நியாயமா?"ன்னு எழுதி கீழ 41 வீட்டு நம்பரும் போட்டேன். ரெண்டு வாரத்துல என்ன ஆச்சுன்னா அதுவரைக்கும் ஒழுங்கா பிரிச்சிட்டிருந்த வீட்டுலயே நாலு வீடு நிறுத்திட்டாங்க. ஒருத்தர் நேராவே கேட்டார், "அத்தனை பேர் பண்ணல, நான் ஒருத்தன் பண்ணி என்ன ஆகப்போகுது மேடம்?"

இவங்க அக்கறை இல்லாத ஜனங்களும் இல்ல. 2015 வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நின்னவங்க, பள்ளிக்கரணை சதுப்புநிலத்துல குப்பையக் கொட்டிக் கொட்டித்தான் இந்த கதின்னு அவங்களே பேசுவாங்க. இப்ப கமிட்டியில மாசம் 500 ரூபா ஃபைன் போடலாம்ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. வேற வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மனசு_படிக்கிறவன்:

அக்கா, நான் சைக்காலஜி எம்.எஸ்சி. படிச்சிட்டிருக்கேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச சப்ஜெக்ட். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க நோட்டீஸ்தான் காரணம்னு நினைக்கறேன். நீங்க திட்டணும்னு எழுதினீங்க, ஆனா படிச்சவங்க மனசுல போய் உக்காந்தது "நம்ம பில்டிங்ல பெரும்பாலான வீடு பிரிக்கறதில்ல"ங்கற சேதி மட்டும்தான். ஒழுங்கா பண்ணிட்டிருந்த நாலு வீட்டுக்கும் அதுவரைக்கும் அந்த விஷயமே தெரிஞ்சிருக்காது, நீங்கதான் நம்பர் போட்டுத் தெரியப்படுத்தினீங்க.

இதுக்கு ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு. அமெரிக்காவுல அரிசோனாவுல கல்மரக் காடு ஒண்ணு இருக்கு, நம்ம திருவக்கரையில இருக்கற மாதிரியே மரம் கல்லானது, ஆனா பெரிய தேசியப் பூங்கா. வர்றவங்க ஆளுக்கு ஒரு துண்டு பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடறாங்கன்னு தொல்லை. ராபர்ட் சியால்டினிங்கற உளவியல் பேராசிரியரும் அவர்கூட இருந்தவங்களும் நடைபாதையில அடையாளம் வச்ச துண்டுகளைப் போட்டு ரெண்டு விதமான போர்டு மாட்டிப் பாத்தாங்க. "இதுக்கு முன்னாடி வந்த நிறைய பேர் கல்மரத்தை எடுத்துட்டுப் போனதால இந்தக் காடே மாறிப்போச்சு"ன்னு ஒரு போர்டு, "தயவுசெஞ்சு எடுக்காதீங்க"ன்னு இன்னொண்ணு. முதல் போர்டு இருந்தப்ப காணாமப் போனது 7.92 சதவீதம். ரெண்டாவதுக்கு 1.67 தான். வருத்தப்பட்டு எழுதின போர்டுதான் திருட்டுக்கு வழி காட்டியிருக்கு.

அதனால முதல்ல அந்த லிஸ்டைக் கிழிச்சுடுங்க, இன்னிக்கே.

---

ஒண்ணாம்_நம்பர்_வீடு:

தம்பி சொல்றதெல்லாம் படிக்க நல்லாருக்கு, ஆனா நான் பத்து வருஷம் அசோசியேஷன்ல இருந்தவன், அனுபவத்துல சொல்றேன், பயம் இல்லாம எவனும் மாற மாட்டான். 2019 ஜனவரி 1ல இருந்து தமிழ்நாட்டுல 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை, கடைக்காரர் இன்னிக்கும் கேரி பேக்குலதானே போட்டுத் தர்றார், ஏன்னா கேக்க ஆள் இல்ல. மேடம், ஃபைன் போடுங்க. மெயின்டெனன்ஸ் பில்லுலயே சேத்து அனுப்புங்க.

---

மனசு_படிக்கிறவன்:

சார், உங்க அனுபவத்த நான் மறுக்கல, காசு வேலை செய்யற இடமும் இருக்கு. அயர்லாந்துல 2002ல பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் வரி போட்டாங்க, பை வாங்கறது 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுபோச்சு. ஆனா அங்க என்ன நடந்துச்சுன்னா பில் போடற இடத்துல, பின்னாடி நாலு பேர் வரிசையில நிக்கும்போது, "பை வேணுமா"ன்னு கேப்பாங்க. கொஞ்ச நாள்ல துணிப்பை இல்லாம கடைக்குப் போறதே கூச்சமான விஷயமா ஆயிடுச்சு. காசு சின்னது, அந்தக் கூச்சம்தான் பெருசுன்னு நான் நினைக்கறேன்.

மாச பில்லுல 500 ரூபாங்கறது வேற மாதிரி. இஸ்ரேல்ல ஹைஃபாங்கற ஊர்ல குழந்தைங்க காப்பகத்துல சாயங்காலம் லேட்டா வந்து கூட்டிட்டுப் போற பெத்தவங்களுக்கு அபராதம் போட்டுப் பாத்தாங்க, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பேர் லேட்டா வர ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் "டீச்சர் நமக்காகக் காத்துட்டிருக்காங்களே"ன்னு ஒரு உறுத்தல் இருந்துச்சு, காசு கட்டினதும் அந்த உறுத்தல் போயிடுச்சு, காத்திருக்கறதுக்குத்தான் காசு தர்றோமேன்னு ஆயிடுச்சு. இதுல என்ன சங்கடம்னா அபராதத்த எடுத்தப்புறமும் பழைய நிலைமை திரும்பல. உங்க பில்டிங்ல 500 ரூபா பெரிய காசே இல்லாத வீடு எத்தனை இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, அவங்களுக்கு அது குப்பையப் பிரிக்காம இருக்கறதுக்கு மாசக் கட்டணம்.

---

சிவகங்கைச்_சீமை:

ஃபைனுன்னு பேச்சு வந்ததால சொல்றேங்க. எங்க மாவட்டத்துல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு, அதையொட்டி கொள்ளுக்குடிப்பட்டின்னு சின்ன ஊரு. மழைக்காலத்துல நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கொக்குன்னு கண்மாய் மரமெல்லாம் பறவையா இருக்கும், கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற நேரத்துலதான் தீபாவளி வரும். அந்த ஊருல பல வருஷமா தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்லைங்க. போலீசு நின்னு தடுக்கறதில்ல, தண்டம் கட்டச் சொல்றதில்ல. "நம்ம ஊருல வெடிக்க மாட்டோம்", அவ்வளவுதான் பேச்சு.

தீபாவளிக்கு வெடி இல்லன்னா சின்னப் புள்ளைக்கு எவ்வளவு ஏக்கமா இருக்கும், ஆனா பக்கத்து வீட்டுப் புள்ளையும் வெடிக்கல எதுத்த வீட்டுப் புள்ளையும் வெடிக்கலன்னா அந்த ஏக்கம் தாங்கிக்கிற அளவுல நின்னுரும்ங்க. தனக்கு மட்டும் இல்லன்னாத்தான் அழுகை வரும். வருசா வருசம் வனத்துறைக்காரங்க இனிப்பு குடுத்துட்டுப் போவாங்க, பேப்பர்ல ஊரு பேரு வரும். ஊருக்கே அது ஒரு பெருமைங்க. அதைக் கெடுத்தவன்னு பேர் வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்?

---

மூணாவது_மாடி:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, நீங்க சொன்ன அன்னிக்கே லிஸ்டைக் கிழிச்சுட்டேன். ஆனா ஒரு சந்தேகம். போன மாசம் வாட்ஸப் குரூப்புல "குப்பை பிரிக்க உங்களைத் தூண்டுவது எது"ன்னு கேட்டு ஒரு ஃபார்ம் அனுப்பியிருந்தேன், கிட்டத்தட்ட எல்லாரும் "சுற்றுச்சூழலுக்காக", "நம்ம பிள்ளைங்க எதிர்காலத்துக்காக"ன்னுதான் டிக் பண்ணியிருக்காங்க, "மற்ற வீடுகளும் செய்வதால்"ங்கறத ரெண்டே பேர். அப்ப நீங்க சொல்றது எங்க பில்டிங்குக்குப் பொருந்துமா?

---

மனசு_படிக்கிறவன்:

அக்கா, இதே மாதிரி கேள்விய கலிஃபோர்னியாவுல 800க்கு மேற்பட்டவங்ககிட்ட கேட்டுப் பாத்திருக்காங்க, 2008ல வந்த ஆய்வு. கரன்ட்டை ஏன் மிச்சம் பண்றீங்கன்னு கேட்டா பூமிக்காக, சமுதாயத்துக்காக, காசு மிச்சம் பண்ணன்னு வரிசையா சொல்லிட்டு "அக்கம்பக்கத்துல பண்றாங்க"ங்கறத கடைசில வச்சாங்க. ஆனா அவங்க எவ்வளவு மிச்சம் பண்றதா சொன்னாங்கங்கறதோட ஒப்பிட்டுப் பாத்தா, பக்கத்து வீட்டுக்காரங்க மிச்சம் பண்றாங்கன்னு நம்பினதோடதான் அது அதிகமா ஒத்துப்போச்சு. அடுத்தவங்களப் பாத்து நாம மாறறோம்ங்கறது நமக்கே தெரியறதில்ல. உங்க ஆளுங்க பொய் சொல்லல.

இன்னொரு ஆய்வையும் சொல்லிடறேன், நோட்டீஸ் எழுதும்போது தேவைப்படும். அதே கலிஃபோர்னியாவுல சான் மார்கோஸ் ஊர்ல வெஸ்லி ஷுல்ட்ஸ் குழு, "உங்க வீடு இவ்வளவு கரன்ட் செலவு பண்ணியிருக்கு, உங்க ஏரியா சராசரி இவ்வளவு"ன்னு வாசல்ல சீட்டு தொங்கவிட்டாங்க. அதிகமா செலவு பண்ணவங்க குறைச்சாங்க. ஆனா சராசரிக்குக் கீழ இருந்தவங்க, நாமதான் ரொம்பக் கஷ்டப்படறோம் போலன்னு கூட்டிட்டாங்க, உங்க நாலு வீடு மாதிரியேதான். அப்புறம் குறைவா செலவு பண்ணவங்க சீட்டுல ஒரு சிரிச்ச முகம் போட்டாங்க, அவ்வளவுதான், அந்த ஏத்தம் நின்னுபோச்சு. "நீங்க பண்றது எங்களுக்குப் பிடிச்சிருக்கு"ன்னு யாராவது சொல்லணும், வெறும் கணக்கு மட்டும் போதாது. ஒழுங்கா பண்ற வீட்டுக்கு இதுவரைக்கும் யாராவது நன்றி சொன்னீங்களா அக்கா?

---

மஞ்சப்பை_அத்தை:

பிள்ளைங்களா, எனக்கு ஆராய்ச்சியெல்லாம் தெரியாது, 67 வயசு ஆகுது, திருச்சியில இருக்கேன். எங்க காலத்துல எல்லார் கையிலயும் மஞ்சப்பைதான், ஜவுளிக்கடையில, கல்யாணத்துல தாம்பூலத்தோட குடுப்பாங்க. அப்புறம் மஞ்சப்பை எடுத்துட்டு வந்தா பட்டிக்காடுன்னு ஒரு பேச்சு வந்துச்சு பாருங்க, என் மகளே "அம்மா அதை மடிச்சு உள்ள வை"ன்னுவா. நானும் வெக்கப்பட்டு விட்டுட்டேன், அதை இப்ப நினைச்சாலும் வருத்தமா இருக்கு. 2021 டிசம்பர்ல அரசாங்கம் மீண்டும் மஞ்சப்பைன்னு ஆரம்பிச்சாங்க, ஒருநாள் காந்தி மார்க்கெட்ல நல்லா உடுத்தின பொண்ணு ஒண்ணு தோள்ல மஞ்சப்பை மாட்டிட்டு வந்துச்சு, அதப் பாத்தப்புறம்தான் நானும் திரும்ப வெளிய எடுத்தேன்.

செகரட்டரிம்மா, ஒண்ணு கேக்கறேன். வாசல் தெளிச்சுக் கோலம் போடணும்னு யாரும் சட்டம் போடல, ஆனா தெருவுல நாலு வாசல்ல கோலம் இருந்தா அஞ்சாவது வீட்டுக்காரி வெறும் வாசலா விட மனசு வராம போடுவா. ஏன்னா வாசல் எல்லார் கண்ணுலயும் படுது. உங்க பச்சை டப்பா எங்க இருக்கு? சமையக்கட்டுக்குள்ள சிங்குக்கு அடியில. பிரிக்கறவ பிரிக்கறது யாருக்குத் தெரியும்?

---

மனசு_படிக்கிறவன்:

அத்தை, நீங்க சொன்னதுதான் பாயின்ட், நான் இத்தனை பாரா எழுதியும் இதைச் சொல்லாம விட்டுட்டேன். கலிஃபோர்னியாவுல ஒரு ஏரியாவுல சில வீட்டுல சோலார் பேனல் வந்தா பக்கத்து வீடுங்களும் போடறது கூடுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க, மாடியில இருக்கறது தெருவுல போறவங்களுக்குத் தெரியுதுல்ல.

அக்கா, 41 வீடும் நிறுத்தின நாலு வீடும் போக இப்ப 19 வீடுதான் பண்றாங்கன்னா பெரும்பாலானவங்க பண்றாங்கன்னு பொய் எழுதிடாதீங்க, கண்டுபிடிச்சா மொத்தமும் போச்சு. மாறிட்டு வர்றாங்கங்கறத எழுதுங்க. ஸ்டான்ஃபோர்டுல ஒரு கேன்டீன்ல "அமெரிக்கர்கள்ல 30 சதவீதம் பேர் கறியைக் குறைக்கறாங்க"ன்னு எழுதினதைப் படிச்சவங்கள்ல கறி இல்லாத சாப்பாடு வாங்கினது 17 சதவீதம், "30 சதவீதம் பேர் இப்ப குறைக்க ஆரம்பிச்சிருக்காங்க"ன்னு எழுதினதைப் படிச்சவங்கள்ல 34 சதவீதம். கொஞ்சம் பேர்தான்னாலும் கூடிட்டு வருதுன்னு தெரிஞ்சா ஜனங்க அந்தப் பக்கம் சாயறாங்க.

---

மூணாவது_மாடி:

ஆறு வாரம் கழிச்சு எழுதறேன், நடந்தத சொல்லணும்ல.

முதல்ல அந்த 41 வீட்டுக்கும் போய் நம்பர் போட்டது தப்புன்னு சொல்லிட்டு வந்தேன், நாலு நாள் ஆச்சு. அப்புறம் 19 வீட்டுக்கும் தனித்தனியா நன்றி சொன்னேன், அதுல ஒரு பாட்டி கையப் பிடிச்சுட்டு "யாரும் கவனிக்கல்லன்னு நினைச்சேன்"னாங்க. அத்தை சொன்ன மாதிரி பச்சை டப்பாவக் காலையில ஏழு மணியிலருந்து எட்டு வரைக்கும் வீட்டு வாசல்ல வைக்கச் சொன்னோம், குப்பை எடுக்கற அம்மா ஒவ்வொரு மாடியா வந்து எடுத்துக்கறாங்க, அதுக்காக அவங்க சம்பளத்தையும் ஏத்தினோம். லிஃப்ட் பக்கத்துல இப்ப ஒரே ஒரு வரிதான், வாராவாரம் நம்பர் மட்டும் மாத்துவேன். "இந்த வாரம் புதுசா 3 வீடு சேர்ந்திருக்கு." வீட்டு நம்பர் எதுவும் இல்ல. ஃபைன் பேச்ச கமிட்டி ஒத்திவச்சிருக்கு.

இன்னிக்கு 37 வீடு. மிச்ச வீட்டுல சிலது பேச்சுலர் பசங்க இருக்கற வாடகை வீடு, காலையில ஏழு மணிக்கு அவங்க எழுந்திருக்கறதே இல்ல, அதுக்கு வேற ஏதாவதுதான் யோசிக்கணும்.

நேத்து ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸப் குரூப்புல ஒரு மெசேஜ். "நான் ஒருத்தன் பண்ணி என்ன ஆகப்போகுது"ன்னு கேட்டாரே அவர்தான், "தேங்கா ஓடு பச்சையிலயா நீலத்துலயா?"ன்னு கேட்டிருந்தார். நான் பதில் எழுதறதுக்குள்ள ஆறு பேர் எழுதிட்டாங்க.