பத்தாயிரம் மணி நேரம் போட்டால் யாரும் உச்சிக்குப் போய்விடலாமா?

களக்காட்டான்:
ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் பெற்றோர் கூட்டம். மூத்தவன் போட்டித் தேர்வுக்குப் படிப்பதால் போயிருந்தேன். மேடையில் பேசியவர் இரண்டு மணி நேரமும் சாதிக்கும் மனநிலை, சாதிக்கும் மனநிலை என்றே பேசினார். கடைசியில், "எந்தத் துறையும் பத்தாயிரம் மணி நேரம் போட்டால் கைவசமாகும், இது அறிவியல்" என்று முடித்தார். இவன் வீட்டுக்கு வந்து சுவரில் 10,000 என்று எழுதி, படிக்கிற நேரத்தைத் தினமும் கழித்துக்கொண்டு வருகிறான். நேற்று ராத்திரி, "பாடம் புரிஞ்சுதால?" என்று கேட்டேன். "இன்னும் 9,978 இருக்குப்பா" என்கிறான். வயிறு எரிகிறது.

கொக்கிரகுளம்:
இதில் எரிய என்ன இருக்கிறது அண்ணாச்சி? பையன் உட்கார்ந்து படிக்கிறான், சந்தோஷப்படுங்கள். வங்கி வேலைக்கு நான் நாலு வருஷம் படித்தேன். என்னோடு சேர்ந்த ஒன்பது பேரும் பாதியில் போய்விட்டார்கள். பத்தாயிரம் மணி நேரம் என்பது சத்தியமான வார்த்தை.

பாளை வாத்தியார்:
சத்தியமும் இல்லை, அறிவியலும் இல்லை. முப்பத்தொரு வருஷம் கணக்கு நடத்தியவன் சொல்கிறேன், அது சராசரி. ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் அறிஞரும் அவரோடு இருவரும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு, 1993இல் வந்தது. மிகச் சிறந்த மாணவர்கள் என்று எடுத்துக்கொண்டது பத்துப் பேரை. இருபது வயதுக்குள் அவர்கள் தனியாக வாசித்துப் பழகிய நேரத்தின் சராசரி பத்தாயிரத்தைத் தாண்டியது. பத்துப் பேரில் பாதிப் பேர் அந்த வயதில் பத்தாயிரத்தைத் தொடவே இல்லை. 2008இல் மால்கம் கிளாட்வெல் என்ற எழுத்தாளர் தம் புத்தகத்தில் இதை ஒரு விதி மாதிரி எழுதினார், ஊரெல்லாம் பிடித்துக்கொண்டது. அது தப்பு என்று எரிக்சனே பிறகு எழுதினார்.

கொக்கிரகுளம்:
சராசரியோ என்னவோ, பத்தாயிரம் வந்ததா இல்லையா?

பாளை வாத்தியார்:
ஒருத்தன் இரண்டு இட்லி, ஒருத்தன் எட்டு இட்லி தின்றால் சராசரி ஐந்து. ஐந்து தின்றவன் எவன்?

குறுக்குத்துறை:
சார் சொல்வது சரி. எட்டயபுரத்தில் 'பாரதி' பட்டம் வாங்கும்போது சுப்பிரமணியனுக்கு வயது பதினொன்று. பத்தாயிரம் மணி நேரம் வேண்டுமென்றால், தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தினம் இரண்டரை மணி நேரம் அந்தப் பிள்ளை கவிதை எழுதியிருக்க வேண்டும்.

கொக்கிரகுளம்:
பாரதியை எல்லாம் இதில் இழுக்காதீர்கள், அது தெய்வப் பிறவி. நம்மைப் போன்ற ஆட்களுக்குக் காருகுறிச்சி அருணாசலத்தைப் பாருங்கள். சாதகம் பண்ணாமலா அந்த நாகஸ்வரம் அப்படிப் பேசியது? 1962இல் கொஞ்சும் சலங்கை படத்தில் ஜானகி குரலுக்கு ஈடுகொடுத்து வாசித்தாரே, எத்தனை ஆயிரம் மணி நேரம் போயிருக்கும்? பத்தாயிரம் நிச்சயம்.

பாளை வாத்தியார்:
எண்ணிப் பார்த்தீர்களா? அவர் நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையிடம் இருந்து கற்றவர். அப்படி ஒரு காது பக்கத்தில் இருந்து இது சேரவில்லை, அது சேரவில்லை என்று சொன்னதால் வந்த வாசிப்பு அது. எரிக்சன் சொன்னதும் அந்தப் பயிற்சியைத்தான். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கோவில்பட்டி:
ஒரு திருத்தம். அருணாசலம் வாழ்ந்தது எங்கள் கோவில்பட்டியில், சிலையும் இங்கேதான். எதற்கெடுத்தாலும் திருநெல்வேலிக்காரர்கள் உரிமை கொண்டாடக் கிளம்பிவிடுகிறீர்கள்.

குறுக்குத்துறை:
பெயரிலேயே எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் காருகுறிச்சி இருக்கிறது. 1986இல்தான் உங்கள் தூத்துக்குடி மாவட்டம் எங்களிடமிருந்து பிரிந்தது, அவர் 1964லேயே போய்விட்டார்.

பத்தமடைக்காரி:
நான் பாய் நெய்கிற வீட்டில் பிறந்தவள், ஒன்று சொல்கிறேன். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, கத்தியால் மெலிசாகக் கீற வேண்டும். பட்டுப் பாய்க்கு அது நூல் மாதிரி இருக்க வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு சாண் நெய்துவிட்டுப் பெருமையாகக் கூப்பிட்டேன். உம்மா வந்து விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள். கண்ணால் பார்க்கக்கூட இல்லை. நாலாவது கோரையில் விரல் நின்றது. "இது தடிப்பு, அவுரு" என்றார்கள். ஒரு சாணையும் அழுதுகொண்டே அவிழ்த்தேன். அந்த விரல் இல்லாவிட்டால் நான் தடித்த கோரையையே முப்பது வருஷம் நெய்திருப்பேன். களக்காட்டு அண்ணன் மகனின் விடைத்தாளை யார் தடவிப் பார்க்கிறார்கள்?

கொக்கிரகுளம்:
அக்கா, உங்கள் உம்மா எத்தனை வருஷம் நெய்தார்கள்? நாற்பது இருக்குமா? அப்படியானால் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டித்தானே இருக்கும்? நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி.

பத்தமடைக்காரி:
நான் சொன்னது என்ன, உங்கள் காதில் விழுந்தது என்ன?

வீரவநல்லூர்:
முதலில் உச்சி என்றால் என்ன? பையனுக்கு ஒரு குரூப் 4 வேலை கிடைத்தால் போதுமா, மாநிலத்தில் முதலாவதாக வர வேண்டுமா? மனநிலை பற்றி ஆராய்ந்த உளவியல் அறிஞர் கேரல் டுவெக்கே, உழைப்பை மட்டும் பாராட்டினால் போதாது, வழியை மாற்றிப் பார்க்கவும் உதவி கேட்கவும் பழக்க வேண்டும் என்கிறார். அதைப் பேசலாமே.

பாளை வாத்தியார்:
அது கிடக்கட்டும். 2014இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் திறமையில் இருக்கும் வித்தியாசத்தில் பயிற்சியால் விளக்க முடிந்தது இசையில் 21 சதவீதம், படிப்பில் 4 சதவீதம். நாலு! கொக்கிரகுளம் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கொக்கிரகுளம்:
பயிற்சி தேவையில்லை என்கிறீர்களா? உங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் ஏன் அத்தனை பேர் கோட்டைவிட்டார்கள் என்று இப்போது புரிகிறது.

பாளை வாத்தியார்:
போன வருஷம் அல்வா விவாதத்தில் தோற்றதை இன்னும் மறக்கவில்லையா தம்பி? என் மாணவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தேவையில்லை என்று நான் எந்த வரியில் சொன்னேன்? எடுத்துக் காட்டுங்கள். பத்தாயிரம் சராசரி. அந்த வயலின்காரர்களின் சராசரி. களக்காட்டுப் பையன் வயலினா வாசிக்கிறான்? நாளைக்கு மூன்று மணி நேரம் படித்தால் ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும், அதுவரை தேர்வு காத்திருக்குமா?

கொக்கிரகுளம்:
தோற்றேனா? அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று நான் சொன்னதை நீங்கள் கடைசிவரை மறுக்கவே இல்லை. இப்போதும் சொல்கிறேன், பத்தாயிரம் போட்டவன் தோற்றதாக ஒரே ஒருத்தனைக் காட்டுங்கள்.

பத்தமடைக்காரி:
எங்கள் தெருவுக்கு வாருங்கள், காட்டுகிறேன். அவர்கள் தோற்றதற்குக் கை காரணமில்லை. பிளாஸ்டிக் பாய் வந்தது.

கோவில்பட்டி:
சிலை எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

களக்காட்டான்:
அக்கா கேட்டதற்குப் பிறகு இன்று மாதிரித் தேர்வுத் தாளை வாங்கிப் பார்த்தேன். போன மாதம் தப்பான அதே வட்டிக் கணக்கு, அதே இடத்தில், அதே மாதிரி தப்பு. மையத்தில் மதிப்பெண் மட்டும் போட்டிருக்கிறார்கள், ஒரு கோடுகூட இழுக்கவில்லை. சுவரில் 9,971.

கொக்கிரகுளம்:
இறங்குகிறதா இல்லையா? அதைப் பாருங்கள் அண்ணாச்சி.

பாளை வாத்தியார்:
இறங்குவது சுவர்க் கணக்கு. வட்டிக் கணக்கைப் படம் எடுத்து இங்கே போடுங்கள் களக்காட்டான், நான் பார்க்கிறேன். கொக்கிரகுளத்துக்கு நாளைக்குச் சராசரி என்றால் என்ன என்று முதலிலிருந்து எழுதுகிறேன்.