லேசருக்குள் போகும் எலக்ட்ரான் ஏன் ஆற்றலை இழக்கிறது?

திருநகர் மாணவி:
மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன், அடுத்த வாரம் செமினார். லேசரின் மின்புலம் எலக்ட்ரானைப் பிடித்து ஆட்டுகிறது, சரி. ஆட்டினால் ஆற்றல் கூடத்தானே வேண்டும்? எதிரே வேகமாக வரும் எலக்ட்ரான் லேசரைக் கடந்ததும் ஆற்றல் குறைந்துவிடுகிறது என்கிறார்கள். லாரன்ட்ஸ் விசையை (மின்புலமும் காந்தப்புலமும் மின்னூட்டத்தைத் தள்ளும் விசை) மட்டும் போட்டுப் பார்த்தால் நுழைந்த வேகத்திலேயே வெளியே வருகிறது. அப்புறம் ஆற்றல் எங்கே போனது?

அரசரடி வாத்தியார்:
கணக்கு சரிதான்ம்மா, ஒரு விசை மட்டும் விடுபட்டிருக்கிறது. ஆட்டம் காணும் மின்னூட்டம் கதிர்வீசும். அந்தக் கதிர் உந்தத்தையும் அள்ளிக்கொண்டு போவதால் எலக்ட்ரானுக்குப் பின்னடைவு. இதைத்தான் ரேடியேஷன் ரியாக்‌ஷன் என்கிறோம். சாதாரண லேசரில் அது ஒன்றுமே இல்லை. 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானை எடுத்துக்கொள். ஓய்வில் இருக்கும்போது அதன் நிலை ஆற்றல் 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட், ஆக காமா (மொத்த ஆற்றல் நிலை ஆற்றலைப் போல எத்தனை மடங்கு என்பது) கிட்டத்தட்ட 2000. நேருக்கு நேர் மோதினால் போட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றல், காமாவின் வர்க்கத்தை 4ஆல் பெருக்கினால் வரும் அத்தனை மடங்காகப் பெருகும். 800 நானோமீட்டர் லேசரில் 1.55 எலக்ட்ரான் வோல்ட்டாக வந்த போட்டான் சுமார் 24 மெகா காமா கதிராகத் திரும்பும். நாலைந்து முறை இப்படி நடந்தாலே 100 மெகா காலி! லேசரின் செறிவு ஏற ஏற கணக்கு மாறும், ஆனால் இழப்பின் வழி இதுதான்.

மேலூர் தம்பி:
சார், இதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

அரசரடி வாத்தியார்:
பார்த்திருக்கிறார்கள் தம்பி. இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகத்தில் ஜெமினி லேசரை வைத்துச் செய்த இரண்டு சோதனைகள் 2018இல் வெளிவந்தன. ஒரு லேசர் துடிப்பு வாயுவுக்குள் எலக்ட்ரான்களை முடுக்கிவிடும், இன்னொன்று எதிரே வந்து மோதும். ஒரு சோதனையில் எலக்ட்ரான்கள் சுமார் 30 சதவீத ஆற்றலை இழந்தன. இன்னொன்றில், காமா கதிர் பலமாக வந்த மோதல்களில் எலக்ட்ரான் ஆற்றல் குறைந்திருந்தது. அந்தப் பொருத்தம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த சான்று, செமினாரில் அதைக் கட்டாயம் காட்டு.

பழங்காநத்தம் அண்ணன்:
ஒன்று சேர்க்கிறேன் தங்கச்சி. குவாண்டம் இல்லாமல் பழைய இயற்பியல்படி இந்தப் பின்னடைவைக் கணக்கிடும் லாண்டாவ்-லிஃப்ஷிட்ஸ் சமன்பாட்டோடு நிறுத்திவிடாதே. அது இழப்பைக் கூட்டிக் காட்டும், ஏனென்றால் எலக்ட்ரானிடம் இருப்பதைவிட அதிக ஆற்றலுள்ள போட்டான் வெளியே போக முடியாது என்பது அதற்குத் தெரியாது. குவாண்டம் கணக்கில் போட்டான்கள் தனித்தனியாக, எப்போது என்று சொல்ல முடியாதபடி வெளியேறும். அதனால் ஒரே ஆற்றலோடு நுழைந்த எலக்ட்ரான்கள் வேறு வேறு ஆற்றலோடு வெளியே வரும்.

திருநகர் மாணவி:
நன்றி சார், நன்றி அண்ணே. எலக்ட்ரானும் லேசரும் ஒரே திசையில் போனால்?

பழங்காநத்தம் அண்ணன்:
இழப்பு அநேகமாக இருக்காது. நத்தம் ரோட்டில் மழையை எதிர்த்து பைக்கில் போனால் முகத்தில் அறையும், மழைக்காற்றோடு சேர்ந்து போனால் அந்த அடி இல்லை. சூத்திரத்தில் அதை 1 − காஸ் தீட்டா பார்த்துக்கொள்ளும் (தீட்டா என்பது இரண்டும் போகும் திசைகளுக்கு இடையிலான கோணம்): ஒரே திசை என்றால் பூஜ்யம், நேரெதிர் என்றால் 2.