லென்டிகுலர் ஷீட் வைத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடுகிறது, ஞாயிறுக்குள் வேண்டும், உதவுங்கள்

தஞ்சைக்காரி | புதன், இரவு 10:40

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் படத்தை, திருவிழாக் கடையில் விற்பார்களே அந்தச் சாமி படம் மாதிரி, 3டி கண்ணாடி போடாமலே ஆழம் தெரிகிறபடி செய்து கொடுக்க ஆசை. வரிவரியாக லென்ஸ் இருக்கிற அந்த பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கினேன், மென்பொருளில் போட்டேன், பிரிண்ட் எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். ஆழம் எதுவும் தெரியவில்லை. படம் முழுக்கப் பட்டைகள். தலையை அசைத்தால் பட்டையும் கூடவே நகர்கிறது. மூன்று தடவை எடுத்துவிட்டேன், மூன்றும் அப்படியே. என்ன தப்பு? அவசரம்.

நீலமை | புதன், இரவு 10:58

ஷீட் எத்தனை எல்பிஐ? பிரிண்டர் எத்தனை டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளியில் அடித்தது? எத்தனை படங்களைக் கீற்றுக் கீற்றாக நறுக்கிச் சேர்த்தீர்கள்? எந்த மென்பொருள்? இது எதுவும் சொல்லாமல் என்ன சொல்வது?

என் ஊகம், 300 டிபிஐயில் அடித்திருப்பீர்கள். 60 எல்பிஐ ஷீட் என்றால் ஓர் அங்குலத்தில் 60 லென்ஸ். 300ஐ 60ஆல் வகுத்தால் ஒரு லென்ஸுக்கு அடியில் 5 புள்ளிதான். 720 என்றால் 12. ரெசல்யூஷனை ஏற்றுங்கள், சரியாகிவிடும்.

அச்சுக்கூடம் | புதன், இரவு 11:20

நான் சிவகாசியில் இருபது வருஷம் அச்சு வேலை பார்த்தவன். இது காகிதத்தின் வேலை. மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தைக் குடித்து விரியும். காகிதக் கட்டை ஒரு நாள் ஏசி அறையில் பிரித்து வைத்துவிட்டு அடியுங்கள் தம்பி.

ரெட்டைக்கண் | வியாழன், காலை 6:35

மாதம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வருகிறது. பிட்ச் டெஸ்ட் என்றால் என்ன என்று 4 முறை விளக்கமாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது. இது உட்கார்ந்து பழக வேண்டிய தொழில், மூன்று நாளில் கல்யாணப் பரிசாகச் செய்கிற காரியம் இல்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற ஷீட்டை வாங்கியிருப்பீர்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்ல ஷீட் வாங்குங்கள்.

தஞ்சைக்காரி | வியாழன், காலை 8:10

மன்னிக்கவும், தம்பி இல்லை, தங்கை. ஷீட் கவரில் 60 என்று போட்டிருக்கிறது, ஏ4 அளவு. வீட்டில் இருக்கும் ஆறு மை இன்க்ஜெட்டில் அடித்தேன். மென்பொருள் ஸ்டீரியோ போட்டோ மேக்கர். டிபிஐ எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, “பெஸ்ட்” என்று வைத்தேன். புது ஷீட் வரவழைக்க நேரம் இல்லை ஐயா. பிட்ச் டெஸ்ட் பற்றி நீங்கள் எழுதியதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

கோட்டுக்கணக்கு | வியாழன், காலை 9:02

ஷீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இப்போதைக்கு எதையும் மாற்றவும் வேண்டாம். மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள் அம்மா.

அந்தப் பட்டைகள் மேலிருந்து கீழாக நேராக இருக்கின்றனவா, சாய்வாகவா? சாய்வு என்றால் ஷீட்டைக் கோணலாக வைத்திருக்கிறீர்கள். நேராக என்றால் அளவு தப்பு.

ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை எத்தனை பட்டை? எண்ணிச் சொல்லுங்கள்.

பிரிண்டில் படத்தின் அகலம் எவ்வளவு? ஸ்கேல் வைத்து அளந்து சொல்ல வேண்டும். ஏ4 என்று சொன்னால் போதாது.

அந்தப் பட்டைகள் வெறும் கோளாறு இல்லை, நமக்குக் கிடைத்திருக்கிற அளவுகோல். அங்குலத்துக்கு 60 லென்ஸ் இருக்கிற ஷீட்டின் அடியில் அங்குலத்துக்கு 61 கோடு அடித்தால், ஒவ்வோர் அங்குலத்திலும் ஒரு கோடு பிசகி ஒரு பட்டை விழும். அதனால் பட்டைகளின் எண்ணிக்கையை அங்குலக் கணக்கில் அகலத்தால் வகுத்தால், அச்சுக்கும் ஷீட்டுக்கும் எத்தனை எல்பிஐ வித்தியாசம் என்று அப்படியே வந்துவிடும்.

நீலமை | வியாழன், காலை 9:30

டிபிஐதான் முதலில் பார்க்க வேண்டும் என்று இன்னும் சொல்கிறேன்.

கோட்டுக்கணக்கு | வியாழன், காலை 9:41

டிபிஐ குறைந்தால் படம் மங்கும், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பேய் மாதிரி இரட்டையாகத் தெரியும். சீரான இடைவெளியில் நகர்கிற பட்டை வராது.

வெள்ளித்திரை | வியாழன், காலை 11:15

இவ்வளவு பாடு எதற்கு? பேசாமல் ஹோலோகிராம் செய்து கொடுத்துவிடலாமே. கோயில் கடையில் விற்கிற சாமி படமும் ஹோலோகிராம்தானே?

ரெட்டைக்கண் | வியாழன், காலை 11:32

இல்லவே இல்லை. பத்து வருஷமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். ஹோலோகிராம் என்பது ஒளி அலைகளின் குறுக்கீட்டைப் பதிவு செய்வது. டென்னிஸ் காபர் 1947இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்தப் போய்க் கண்டுபிடித்தது. 1960இல் லேசர் வந்த பிறகுதான் அது உருப்படியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு. ஏடிஎம் அட்டையில் மின்னுகிறதே, அது ஹோலோகிராம். சாமி படத்தில் இருப்பது வரிவரியான பிளாஸ்டிக் லென்ஸ். லென்ஸ்களை அடுக்கி ஆழம் காட்டலாம் என்கிற எண்ணத்தை காப்ரியேல் லிப்மன் 1908இலேயே சொல்லிவிட்டார். இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

வெள்ளித்திரை | வியாழன், மதியம் 12:05

அப்படியானால் மேடையில் இறந்துபோன பாடகர்களை நிற்க வைக்கிறார்களே? எல்லாப் பத்திரிகையும் அதை ஹோலோகிராம் என்றுதான் எழுதுகிறது. மக்கள் ஒரு சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்களோ அதுதான் அதன் பொருள்.

ரெட்டைக்கண் | வியாழன், மதியம் 12:20

அது சாய்வாக நிறுத்திய கண்ணாடியிலோ மெல்லிய படலத்திலோ விழுகிற பிம்பம். ஜான் ஹென்றி பெப்பர் 1862இல் லண்டன் மேடையில் காட்டியது. பத்திரிகை எழுதிவிட்டால் பௌதிகம் மாறிவிடுமா?

பழையகேமரா | வியாழன், மதியம் 1:10

ரெட்டைக்கண் சொல்வதில் எல்லாமே சரி, ஒன்று தவிர. கோயில் கடைப் படத்தில் பாதி 3டியே இல்லை. அசைத்தால் முருகன் பிள்ளையாராக மாறுகிற படத்தில் இருப்பது இரண்டு தட்டைப் படம், அவ்வளவுதான். அதில் லென்ஸ் வரிகள் கிடைமட்டமாக ஓடும். ஆழம் வேண்டுமென்றால் செங்குத்தாக ஓட வேண்டும், ஏனென்றால் நம் கண் இரண்டும் பக்கவாட்டில்தான் இருக்கின்றன. தங்கச்சி, ஷீட்டின் மேல் நகத்தால் இடமிருந்து வலமாகக் கீறிப் பாருங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் சரியாக வைத்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. மூலப் படம் ஒன்றா, பலவா? ஒரே படத்தை வைத்து மென்பொருளில் ஆழம் வரைந்தால் முகம் அட்டை வெட்டி நிறுத்தியது மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் நிம்ஸ்லோ என்று ஒரு கேமரா வந்தது. நான்கு லென்ஸ், ஒரே அமுக்கலில் நான்கு படம். அதிலிருந்து வந்த பிரிண்ட் ஒன்றை எங்கள் மாமா வீட்டில் பார்த்திருக்கிறேன். அதில் பாட்டியின் கைவளையல் மட்டும் தனியாக முன்னே நின்றது. இன்றைக்கும் மறக்கவில்லை.

அச்சுக்கூடம் | வியாழன், மாலை 4:30

ஹோலோகிராம் சண்டை முடிந்ததா? ஈரத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை.

தஞ்சைக்காரி | வியாழன், இரவு 9:15

வேலைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். நகத்தால் கீறினால் சத்தம் வருகிறது. பட்டை நேராகத்தான் இருக்கிறது. எண்ணினேன், பன்னிரண்டு, ஓரத்தில் ஒரு பாதி. அகலம் 20.4 செமீ. மூலப் படம் பன்னிரண்டு. இஸ்திரி மேஜை ஓரமாகப் போனை நகர்த்தி நகர்த்தி எடுத்தேன், அப்பா மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேர்த்த படத்தை ஜேபெக்காகச் சேமித்து, தம்பியின் போனுக்கு மெசேஜில் அனுப்பி, அங்கிருந்து பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் அவன் போனில்தான் இணைந்திருக்கிறது.

கோட்டுக்கணக்கு | வியாழன், இரவு 9:34

பிடிபட்டது. ஏ4 அகலம் 21 செமீ. உங்கள் படம் 20.4 செமீ. அந்த 6 மிமீ எங்கே போயிற்று? “பக்கத்துக்குள் பொருத்து” என்கிற தேர்வு பிரிண்ட் அமைப்பில் போட்டிருக்கும். பிரிண்டர் இரண்டு ஓரத்திலும் 3 மிமீ விட்டு, மொத்தப் படத்தையும் சுருக்கியிருக்கிறது. 60 கோடாக நீங்கள் அனுப்பியது 61.8 ஆகிவிட்டது.

இப்போது உங்கள் பட்டைக்கு வருவோம். 20.4 செமீ என்பது 8 அங்குலம். பன்னிரண்டரைப் பட்டையை 8ஆல் வகுத்தால் 1.6. 61.8இலிருந்து 1.6 போனால் 60.2. உங்கள் ஷீட் உண்மையில் 60.2 எல்பிஐ. கவரில் 60 என்று போட்டிருப்பது வழக்கம்தான், எந்த ஷீட்டும் முழு எண்ணில் இருப்பதில்லை. ஷீட்டில் குறையே இல்லை.

செய்ய வேண்டியது: படத்தை 19 செமீ அகலத்துக்குள் அமையுங்கள், ஓரத்தில் வெட்டுப்படாது. அளவு 100 சதவீதம், பொருத்து தேர்வை எடுத்துவிடுங்கள். 59.8 முதல் 60.6 வரை 0.1 இடைவெளியில் கோடுகள் போட்ட ஒரு பிட்ச் டெஸ்ட் பக்கத்தை முதலில் அடியுங்கள், அந்த மென்பொருளிலேயே வரும். ஷீட்டை மேலே வைத்து, படத்தை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கப் போகிறீர்களோ அதே தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எந்த வரிசை பட்டை இல்லாமல் ஒரே சீராகக் கறுத்தோ வெளுத்தோ தெரிகிறதோ அதுதான் உங்கள் எண். கையில் வைத்துப் பார்த்தால் ஓர் எண் வரும், எட்டு அடி தள்ளி நின்றால் இன்னோர் எண் வரும். காகிதம், தரம், காகிதத்தை நுழைக்கிற திசை மூன்றும் டெஸ்டுக்கும் படத்துக்கும் ஒன்றாக இருக்கட்டும். அச்சுக்கூடம் ஐயா சொன்ன ஈரமும் இந்த டெஸ்டிலேயே அடங்கிவிடும், அன்றைய காகிதத்தில்தான் அளக்கிறோம்.

நீலமை | வியாழன், இரவு 9:50

சரி, டிபிஐ இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஜேபெக்கை விடக்கூடாது. 720இல் அடிக்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி அகலக் கீற்று. ஜேபெக் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டமாகத்தான் சுருக்கும், நிறத்தைப் பக்கத்துப் புள்ளியோடு பங்கு போட்டுவிடும். அதாவது 4ஆம் படத்தின் நிறம் 5இல் கலந்துவிடும். போதாததற்கு மெசேஜில் அனுப்பும்போது இன்னும் சுருங்கியிருக்கும். டிஃப் அல்லது பிஎன்ஜியாகச் சேமித்து, பென் டிரைவில் எடுத்துப் போய்க் கணினியிலிருந்து நேராக அடியுங்கள்.

ரெட்டைக்கண் | வெள்ளி, காலை 6:20

நான் முதல் நாளே சொன்னது பிட்ச் டெஸ்ட். இரண்டு நாள் சுற்றி அங்கேயே வந்திருக்கிறீர்கள்.

கோட்டுக்கணக்கு | வெள்ளி, காலை 7:45

சொன்னீர்கள் அண்ணா, மறுக்கவில்லை. எப்படிச் செய்வது என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். உங்கள் பழைய விளக்கங்கள் தேடினால் எனக்கும் கிடைக்கவில்லை. முடிந்தால் இங்கே மறுபடி போடுங்கள், உண்மையாகவே கேட்கிறேன். பிட்ச் பற்றி நான் கற்றுக்கொண்டது அதில்தான்.

தஞ்சைக்காரி | வெள்ளி, இரவு 11:05

100 சதவீதத்தில் அடித்ததும் பன்னிரண்டு பட்டை ஒன்றரையாகக் குறைந்தது! டெஸ்டில் 60.2தான் வந்தது. அதைப் போட்டதும் பட்டையே இல்லை. ஆனால் ஏதோ உறுத்துகிறது. முகம் சரியாக இருக்கிறது, அப்பா கழுத்து மாலை மட்டும் நெஞ்சுக்குள் புதைந்த மாதிரி தெரிகிறது.

பழையகேமரா | வெள்ளி, இரவு 11:18

படங்களின் வரிசை தலைகீழ். இடது கண்ணுக்குப் போக வேண்டியது வலதுக்குப் போகிறது. முகம் உள்வாங்கியிருந்தாலும் மூளை அதை ஒப்புக்கொள்ளாது, மேடாகவே காட்டும். மாலை மாதிரிப் பொருளில்தான் குட்டு வெளிப்படும். 12இலிருந்து 1 என்று திருப்பிப் போட்டுச் சேருங்கள். அப்படியே இருவரின் கண் இருக்கும் தளத்தைப் பூச்சியமாக, அதாவது முன்னேயும் வராமல் பின்னேயும் போகாமல் தாளின் மட்டத்தில் வையுங்கள், முகம் கூர்மையாக இருக்கும்.

ஒட்டும்போது அவசரம் வேண்டாம். வழவழப்பான பக்கம்தான் படத்தின் மேல். ஓர் ஓரத்தை மட்டும் ஒட்டி, பட்டை சாய்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை அழுத்துங்கள்.

வெள்ளித்திரை | சனி, காலை 10:00

பெப்பர் விஷயம் படித்துப் பார்த்தேன். ரெட்டைக்கண் சொன்னது சரி. ஆனாலும் சொல் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

ரெட்டைக்கண் | சனி, காலை 10:40

பிட்ச் டெஸ்ட் விளக்கத்தைத் தனி இழையாகப் போட்டுவிட்டேன். இந்த முறை படங்களோடு.

தஞ்சைக்காரி | திங்கள், காலை 5:50

மாலை முன்னே வந்துவிட்டது. அம்மா படத்தைக் கையில் வாங்கியதும் அந்த மாலையைத்தான் விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லோருக்கும் நன்றி. பஸ்ஸில் இருக்கிறேன், பிறகு எழுதுகிறேன்.