தண்ணிக்கடியில் எடுத்த படம் முழுக்கப் பச்சை, எந்த சாஃப்ட்வேர்? (அவசரம்)

நீரோடிக்காரன்:
வணக்கம். கோவளத்தில் முங்கி எடுத்த படங்கள், இருநூறுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒரே பச்சை. கிளிமீன்கூட பாசி பிடித்த மாதிரி தெரிகிறது. ஃபோன் ஆப்பில் போட்டால் மண் ஊதாவாகிறது. நல்ல சாஃப்ட்வேர் ஒன்று சொல்லுங்கள். மாமா ஹோட்டல் சுவருக்கு சனிக்கிழமைக்குள் ஃப்ளெக்ஸ் அடிக்கணும்.

பாறசாலை_ஸ்டூடியோ:
எந்த கேமரா? ராவா (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைல்), ஜேபெக்கா? எவ்வளவு ஆழம்? ஃப்ளாஷ் உண்டா? எடிட்டிங் கம்ப்யூட்டரிலா, ஃபோனிலா?

குழித்துறைக்காரி:
எந்தக் கோவளம்? கன்னியாகுமரி பக்கத்திலும் ஒன்று இருக்கிறது, சென்னைக்குத் தெற்கேயும் ஒன்று.

சந்தா_கட்டுபவன்:
லைட்ரூம். வேறு பேச்சே இல்லை. ஒரு படத்தைச் சரிசெய்து அதை அப்படியே இருநூறுக்கும் ஒட்டிவிடலாம்.

குழித்துறைக்காரி:
ஒரு ஃப்ளெக்ஸுக்கு மாசாமாசம் சந்தாவா? ஜிம்ப் இலவசம். நிறங்களைக் கலக்கும் சேனல் மிக்சரில் பச்சையிலிருந்து கொஞ்சம் எடுத்து சிவப்பில் கலந்தால் மீனுக்கு உயிர் வரும்.

இருட்டறைவாசி:
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், தேடிப் பார்க்கும் பழக்கம் மட்டும் யாருக்கும் இல்லை. தம்பி, தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். ஐந்து மீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடும். கேமராவுக்குள் வராத சிவப்பை எந்த சாஃப்ட்வேர் கொண்டுவரும்? ஃபிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டர் மாட்டிக்கொண்டுதான் இறங்கினோம்.

நீரோடிக்காரன்:
மன்னிக்கணும். விழிஞ்ஞம் பக்கத்துக் கோவளம். ஒலிம்பஸ் டிஜி-6. ஆறேழு மீட்டர். ஜேபெக்தான். ஃப்ளாஷ் போட்டேன், படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. லேப்டாப் 4 ஜிபி.

பாறசாலை_ஸ்டூடியோ:
முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். ஆறேழு மீட்டரில் சிவப்பு சுத்தமாகப் போயிருக்காது, மிச்சம் இருக்கும். ஆனால் ஜேபெக்கில் கேமராவே ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்ற நிறக் கணக்கை) முடிவுசெய்து, மீதித் தகவலைத் தூக்கிப் போட்டுவிடும். அதற்குப் பிறகு சிவப்பை ஏற்றினால் இரைச்சலும் (படத்தில் வரும் நிறப் பொரி) சேர்ந்து ஏறும், உங்கள் ஊதா மண் அப்படி வந்ததுதான். டிஜி-6இல் ரா உண்டு. ரா ஃபைல் இருந்தால் ரா தெரபி சாஃப்ட்வேர் போதும், இலவசம். டார்க்டேபிளும் இலவசம்தான், 4 ஜிபியில் மூச்சு வாங்கும். நிறத்தைத் தொட்டு எடுக்கும் ஒயிட் பேலன்ஸ் பிக்கரை மீன் இருந்த தூரத்திலேயே உள்ள சாம்பல் நிறப் பொருளில் வையுங்கள். கூட வந்தவர் முதுகில் இருந்த சிலிண்டர் சாம்பலாக இருந்தால் அதுவே போதும். மண் கொஞ்சம் மஞ்சள், அதனால் இரண்டாம்பட்சம்.
புள்ளிகள், தண்ணீரில் மிதக்கும் மண்ணில் ஃப்ளாஷ் பட்டு வருபவை. லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஃப்ளாஷ் இருந்தால் வந்தே தீரும். ஒவ்வொன்றாகத்தான் அழிக்கணும்.
ஒரு விஷயம்: கிளிமீன் இளஞ்சிவப்பு. பச்சையை முழுக்கக் கழித்துவிடுங்கள்.

குழித்துறைக்காரி:
கழித்துவிடாதீர்கள்! கிளிமீனே பச்சையும் நீலமும்தானே? கிளி மூக்கு மாதிரி வாய், பாறையைக் கொறிக்கும். அவர் படம் சரியாகத்தான் வந்திருக்கும்போல.

பாறசாலை_ஸ்டூடியோ:
எங்கள் சந்தையில் கிளிமீன் என்றால் சங்கரா மாதிரி இளஞ்சிவப்புதான். எங்கள் அம்மா வாரத்தில் மூன்று நாள் பொரிப்பார்கள்.

குழித்துறைக்காரி:
அது மலையாளத்துக் கிளிமீன் அண்ணா. கேட்டவர் நீரோடிக்காரர்.

சந்தா_கட்டுபவன்:
நீரோடியில் பாதிப் பேர் மலையாளமும் பேசுவார்களே.

இருட்டறைவாசி:
இரண்டு பேருக்கும் மீன் சட்டியில்தான் பழக்கம். அந்த இளஞ்சிவப்பு மீன் விசைப்படகு மடிவலையில், ஆழத்துச் சேற்றுத் தரையில் கிடைப்பது. ஏழு மீட்டர்ப் பாறையில் இவர் எதைப் பார்த்தார் என்று முதலில் படத்தைப் போடச் சொல்லுங்கள்.

குழித்துறைக்காரி:
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். படம் போடுங்கள்.

நீரோடிக்காரன்:
கார்டில் ஓஆர்எஃப் என்று கொஞ்சம் கிடந்தது, அதுதான் ராவாம். வேண்டாத ஃபைல் என்று பாதியை அழித்துவிட்டேன். மிச்சத்தில் ஒன்றை ரா தெரபியில் போட்டு சிலிண்டரைத் தொட்டேன், பாறை பாறையாகத் தெரிகிறது. ரொம்ப நன்றி அண்ணா. மீனைப் பற்றி மாமாவிடம் கேட்டேன், அவர் மூன்றாவதாக ஒரு பெயர் சொல்கிறார்.

பாறசாலை_ஸ்டூடியோ:
அழித்தது கார்டிலிருந்தா? அப்படியானால் அந்தக் கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்த ஃபைலை மீட்கும் ஃபோட்டோரெக் போட்டால் திரும்பக் கிடைக்கலாம்.

பாறசாலை_ஸ்டூடியோ:
தம்பி, பார்த்தீர்களா?

குழித்துறைக்காரி:
மூன்றாவது பெயர் என்ன?